இருநூறு பார் காற்று

கிண்ணியாவில் சங்கு குளிக்கச் செல்வோர் முதுகில் சுமக்கும் சிலிண்டரையும், நண்பர் ஒருவர் உரிய அனுமதியுடன் வைத்திருக்கும் காற்றுத் துவக்கையும் ஒரே மேசையில் கண்டபோதுதான், இவ்விரண்டும் ஒரே காற்றை உண்டு வாழும் யந்திரங்கள் என்பது எனக்கு விளங்கிற்று. குளிப்பவனின் சுவாசத்துக்காக 200 பார் அமுக்கத்தில் அடைக்கப்பட்ட அதே காற்றுத்தான், மெல்லிய குழாய் வழியே துவக்கின் வயிற்றிலும் புகுந்து நிறைந்தது.

வெடிமருந்தின்றிச் சுடும் இவ்வித்தை புதிதன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஜிராந்தோனி என்பவர் அமைத்த காற்றுத் துவக்கை ஆஸ்திரியப் படை கையாண்டது.

வாங்க விழைவோர் முதலில் வினவுவது, “எத்தனை பார் பிடிக்கும்?” என்பதே. அது அரைக் கேள்விதான். 200 பார் காற்று, 4.5 மில்லிமீற்றர் குழலில் ரவையின் அடிப்புறத்தை ஏறத்தாழ 32 கிலோ பாரத்துக்கு நிகராக உந்துகிறது, 5.5 மில்லிமீற்றர் குழலில் அவ்வுந்துதல் 48 கிலோ அளவாகிறது. ஆயினும், மணலில் கிடக்கும் வள்ளத்தை ஓரடி தள்ளிவிட்டு நிற்பவனுக்கும், அலை காலை நனைக்கும்வரை தோள் கொடுத்து ஓடுபவனுக்கும் எத்துணை பேதமோ, அத்துணை பேதம் குறுங்குழலுக்கும் நெடுங்குழலுக்கும் உண்டு. வால்வு திறந்திருக்கும் கணப்பொழுது, அங்கிருந்து குழலுக்குக் காற்றைக் கடத்தும் துவாரத்தின் அகலம், ரவையின் எடை ஆகிய யாவும் கூடியே சக்தியை நிர்ணயிக்கின்றன. கனமான ரவை மெதுவாகவே செல்லும். ஆனால் குழலுக்குள் சற்று அதிக நேரம் தங்குவதால் காற்று அதன்மீது கூடுதல் வேலை செய்ய, சக்தி பெரும்பாலும் உயரவே செய்கிறது.

தென்னந்தோப்பின் கோடியில் மண்மேடு ஒன்றின் முன்னே அட்டை நிறுத்தி, 30 மீற்றரிலிருந்து சுட்டுப் பார்த்தேன். நிரப்பியவுடன் சென்ற ரவைகள் தாழப் பாய்ந்தன. அமுக்கம் சற்று இறங்கியபின் சென்றவை உயர்ந்து ஓரிடத்தில் குவிந்தன. பின்னர் மீண்டும் தாழ்ந்தன. அமுக்கம் மிகுந்தபோது காற்றே வால்வை இறுக மூடி நிற்பதால் விசைவில் விடுவிக்கும் சுத்தியலின் அடியால் அதை முழுமையாகத் திறக்க இயலவில்லை என்பதே ஆரம்பத் தளர்ச்சிக்குக் காரணம். துவக்கின் வயிற்றில் எவ்வளவு அமுக்கம் இருப்பினும் வால்வுக்கு ஒரே அமுக்கத்தை வழங்கும் றெகுலேற்றர் இந்தத் துவக்கில் இல்லை. அதுவே இதன் பிரதான குறை.

சக்தியே மேன்மை என்று எண்ணுவோர் ஒலிம்பிக் போட்டியைக் கவனிக்க வேண்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் நமது தெஹானி எகொடவெலவும் டோக்கியோவில் 10 மீற்றர் போட்டியில் குறிபார்த்தபோது, பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீற்றர், அத்தகைய போட்டித் துவக்குகளின் வேகமோ வினாடிக்குச் சுமார் 170 மீற்றர் மாத்திரமே. அங்கு வெல்வது வேகத்தின் ஸ்திரத்தன்மை.

நமது உப்புக் காற்றில் ஈரமே காற்றுத் துவக்கின் சத்துரு. கைப்பம்பைவிட, வடிகட்டி உலர்த்திய காற்றுள்ள சிலிண்டரே உத்தமம். ஒட்சிசனை மட்டும் எக்காரணத்தாலும் ஏற்றக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கோடு அது சேர்ந்தால் வெடித்துவிடும்.

இத்துவக்கின் மரவேலை அழகு, விசைவில்லும் மென்மையானது. எனினும், இதே விலைக்குச் சக்தி குறைந்த, றெகுலேற்றர் பொருத்திய ஒன்று கிடைக்குமாயின் அதையே வாங்குங்கள்.