எந்த எல்லைக்குள் எந்த ஊர்? வெல்ஷ் மூதாதையர் தேடலில் ஊர்வழி முறை

வேல்ஸில் வம்சாவளி தேடுவோருக்குக் குடும்பப் பெயர் அதிகம் கைகொடுப்பதில்லை. ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், ஈவன்ஸ், தாமஸ், ராபர்ட்ஸ் போன்ற சில பெயர்களுக்குள்ளேயே மக்களில் பெரும்பகுதியினர் அடங்கிவிடுகிறார்கள். பழைய பெயரிடும் வழக்கம்தான் இதற்குக் காரணம். தகப்பன் பெயரே பிள்ளையின் பெயருக்குப் பின்னால் வந்தது. டேவிட்டின் மகன் ஜான் டேவிட். அவருடைய மகன் வில்லியம் ஜான். தலைமுறைதோறும் கடைசிப் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. நிலக்கிழார் குடும்பங்கள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து நிலையான குடும்பப் பெயருக்கு மாறத் தொடங்கின. நாட்டுப்புறத்தின் சில பகுதிகளிலோ பழைய வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. அந்த வழக்கம் மறைந்தபோது, அன்றைக்குப் புழக்கத்திலிருந்த சில ஞானஸ்நானப் பெயர்களே குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன.

அதனால் வெல்ஷ் வம்சாவளி ஆய்வில் ஊர்வழி முறையே நடைமுறையாக நிலைபெற்றது. முதலில் மூதாதையரின் ஊரைக் கண்டுபிடிப்பது. அது எந்தத் தேவாலயப் பங்கைச் சேர்ந்தது என்று தீர்மானிப்பது. பின்பு அந்தப் பங்கின் பதிவேடுகளுக்குள் நின்று பின்னோக்கிப் போவது. ஆய்வுக் கையேடுகள் சொல்லும் வழி இதுவே. இதன் பலன் பெரிது. ஆனால் ஊரும் எல்லையும் மாறாதவை என்று நம்பிக் கையாண்டால், அதே அளவுக்கு இது வழிதவறவும் செய்யும்.

பலன் எங்கே தெளிவாகத் தெரிகிறது என்றால், பண்ணைப் பெயர்களில். ஒரே பங்கில் மூன்று ஜான் ஜோன்ஸ்கள் வாழ்ந்தாலும் மூவரும் ஒரே வீட்டில் வாழ்வதில்லை. அக்கம்பக்கத்தாரும் அவர்களைப் பண்ணையின் பெயரைச் சேர்த்தே அழைத்தார்கள். பங்குப் பதிவேடுகளுக்கு 1812இல் வந்த சட்டம் அச்சிட்ட படிவத்தைக் கட்டாயமாக்கியது. 1813 முதல் ஞானஸ்நானப் பதிவில் பெற்றோரின் குடியிருப்பும் தகப்பனின் தொழிலும் தனித்தனிக் கட்டங்களில் இடம்பெற்றன. தசமபாக வரியைப் பணமாக மாற்றிய 1836ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வரையப்பட்ட வரைபடங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஒவ்வொரு வரைபடத்துடனும் ஓர் அட்டவணை உண்டு. நிலத்தின் உடைமையாளர், பயிரிடுபவர், வயலின் எண், வயலின் பெயர், விளைநிலமா மேய்ச்சலா என்ற குறிப்பு, பரப்பளவு எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். 1841ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு பண்ணையில் காணப்படும் குடும்பத்தை, ஏறக்குறைய அதே காலத்து அட்டவணையில் அதே பண்ணையில் கண்டால், அது பெயர்ப் பொருத்தத்தைவிடப் பல மடங்கு வலுவான சான்று. வேல்ஸ் தேசிய நூலகம் இந்த வரைபடங்களையும், 1858க்கு முன்பு திருச்சபை நீதிமன்றங்களில் மெய்ப்பிக்கப்பட்ட ஏறத்தாழ 1,90,000 உயில்களையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. ஊர் சரியாகத் தெரிந்தால் இந்தச் செல்வம் முழுவதும் கைக்கு எட்டும்.

'ஊர் சரியாகத் தெரிந்தால்' என்பதில்தான் முதல் சிக்கல். வெல்ஷ் ஊர்ப்பெயர்கள் பல, தேவாலயத்தைக் குறிக்கும் 'லான்' என்ற சொல்லில் தொடங்கிப் புனிதர் ஒருவரின் பெயரில் முடிபவை. மரியாளுக்குரிய லான்வைர்களும் மிகாவேல் தூதருக்குரிய லான்விஹாங்கெல்களும் நாடெங்கும் பரவிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டும் அடைமொழியை எழுத்தர்கள் பல நேரங்களில் விட்டுவிட்டார்கள். அடைமொழியும் ஒன்றாக இருப்பதுண்டு: லான்விஹாங்கெல்-அ-பென்னன்ட் என்ற பங்கு மெரியோனெத்ஷையரில் ஒன்று, கார்னார்வன்ஷையரில் ஒன்று. நியூபோர்ட் என்ற ஆங்கிலப் பெயரில் மான்மத்ஷையரில் ஒரு துறைமுக நகரமும் பெம்ப்ரோக்ஷையரில் ஒரு சிறு கடற்கரை ஊரும் இருக்கின்றன. பின்னதன் வெல்ஷ் பெயர் ட்ரெவ்ட்ரைத். அதே ட்ரெவ்ட்ரைத் ஆங்கிள்சி தீவிலும் ஒரு பங்கின் பெயர். கார்மார்தன், பெம்ப்ரோக், ஃப்ளின்ட், டென்பி, கார்டிகன், மான்ட்கோமரி ஆகியவை நகரங்களின் பெயர்கள். அவற்றைச் சூழ்ந்த கவுன்டிகளுக்கும் அவையே பெயர்கள். புலம்பெயர்ந்த ஒருவரின் கல்லறையில் 'கார்டிகனில் பிறந்தவர்' என்று பொறித்திருந்தால் அது நகரத்தைவிடக் கவுன்டியைக் குறிக்கவே வாய்ப்பு அதிகம்.

எழுத்துக்கூட்டல் இதோடு சேர்ந்துகொள்கிறது. வெல்ஷ் மொழியில் முன்வரும் சொல்லைப் பொறுத்து ஊர்ப்பெயரின் முதலெழுத்தே மாறும். ட்ரெகரோன் (Tregaron) என்ற ஊரிலிருந்து வந்தவர் 'o Tregaron' அல்ல, T ஒலி D ஆக மெலிந்து 'o Dregaron' என்று குறிக்கப்படுவார். அகரவரிசைப் பட்டியலில் அது வேறோர் எழுத்தின் கீழ் போய்விடும். வெல்ஷ் அறியாத கணக்கெடுப்பாளர் காதில் விழுந்ததை ஆங்கில ஒலிப்பில் எழுதினார். கான்வே, டால்கெல்லி என்று அக்காலத்தில் அச்சான பெயர்கள் இன்று கான்வி, டால்கெத்லை என்று வெல்ஷ் வடிவுக்குத் திரும்பிவிட்டன. இவை தொல்லை தருபவைதான். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் உள்ள வடிவங்களைப் பட்டியலிட்டுக்கொண்டால் சமாளிக்கலாம்.

எல்லைகளை அப்படிப் பட்டியலிட்டு முடித்துவிட முடியாது. வேல்ஸில் ஒரே நிலத்தின்மீது குறைந்தது மூன்று வகை எல்லைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் ஓடுகின்றன. முதலாவது கவுன்டி. முதலாம் எட்வர்ட் 1284இல் வடக்கில் சில கவுன்டிகளை நிறுவினார். எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டங்கள் 1536 முதல் 1543க்குள் மேலும் சிலவற்றை அமைத்து எண்ணிக்கையைப் பதின்மூன்றாக்கின. அவற்றில் மான்மத்ஷையர் மட்டும் வேல்ஸின் தனி நீதிமன்ற அமைப்பில் சேர்க்கப்படாமல் இங்கிலாந்தின் நீதிமன்றச் சுற்றோடு இணைக்கப்பட்டது. அதனால் 'வேல்ஸும் மான்மத்ஷையரும்' என்று இரட்டையாகச் சொல்லும் வழக்கம் நூற்றாண்டுக்கணக்கில் நிலவியது. பழைய பட்டியல்கள் பலவற்றில் அந்தக் கவுன்டி இங்கிலாந்தின் கீழேயே இருக்கும். ஃப்ளின்ட்ஷையரின் ஒரு பகுதியான மெய்லர் சைஸ்னெக், தாய்நிலத்திலிருந்து துண்டாக, டென்பிஷையருக்கு அப்பால் கிடந்தது. 1974இல் பதின்மூன்று கவுன்டிகளும் எட்டாக மாற்றப்பட்டன. 1996இல் அந்த எட்டும் போய் 22 நிர்வாகப் பகுதிகள் வந்தன. 1790இல் பிறந்த ஒருவருக்கு 'டிவெட் கவுன்டி' என்று பிறப்பிடம் எழுதியிருக்கும் வம்சாவளிப் படங்கள் ஏராளம். கவுன்டி என்ற வகையில் டிவெட் 1974 முதல் 1996 வரை மட்டுமே நிர்வாக அலகாக இருந்தது.

இரண்டாவது பதிவு மாவட்டம். பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. அதற்கான மாவட்டங்கள், 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்தின்படி அமைந்த ஒன்றியங்களின் எல்லையையே பின்பற்றின. சந்தை நகரம் ஒன்றைச் சுற்றி அமைந்த அந்த ஒன்றியங்கள் கவுன்டி எல்லையைப் பொருட்படுத்தவில்லை. நியூகாசில் எம்லின் மாவட்டத்தில் கார்மார்தன்ஷையர், கார்டிகன்ஷையர், பெம்ப்ரோக்ஷையர் மூன்றும் கலந்திருந்தன. பாங்கர் மாவட்டம் மெனாய் நீரிணையைத் தாண்டி ஆங்கிள்சியின் ஒரு பகுதியையும் உள்ளடக்கியது. அரசுக் குறியீட்டுப் பட்டியலில் இந்த மாவட்டத்தின் பெயர்தான் இருக்கும். பங்கின் பெயர் இருக்காது.

மூன்றாவது திருச்சபையின் எல்லை. பங்கும் பேராயமும் எந்தக் கவுன்டிக்கும் கட்டுப்பட்டவை அல்ல. லான்ரைஆடர்-அம்-மோக்னன்ட் பங்கு டென்பிஷையரிலும் மான்ட்கோமரிஷையரிலும் படர்ந்திருந்தது. ராட்னர்ஷையரைச் சேர்ந்த பிரெஸ்டீன் நகரம் வேல்ஸில் இருந்தாலும் அதன் தேவாலயம் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு பேராயத்தைச் சேர்ந்தது. வேல்ஸின் திருச்சபை 1920இல் தனியே பிரிந்தபோதும் அந்தப் பங்கு ஹெரிஃபோர்டுடனே தங்கிவிட்டது. ஆகவே அங்குள்ள குடும்பத்தின் பழைய உயிலைத் தேடுபவர் வேல்ஸ் தேசிய நூலகத்தின் தொகுப்பை மட்டும் பார்த்துவிட்டு 'உயில் இல்லை' என்று முடிவுகட்டினால், அது தேடிய இடத்தின் பிழை.

இந்த மூன்று எல்லைகளும் ஒன்றாகச் சேர்ந்து எப்படி ஏமாற்றும் என்பதற்கு லானெல்லி என்ற பெயர் நல்ல எடுத்துக்காட்டு. கார்மார்தன்ஷையரின் லானெல்லி தகரத் தகட்டுத் தொழிலால் பெயர்பெற்ற நகரம். ப்ரெக்னக்ஷையரின் தென்கிழக்கு மூலையில், இரும்பு ஆலைகள் இருந்த கிளைடக் பள்ளத்தாக்கை ஒட்டி, இன்னொரு லானெல்லி பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். ஓர் இரும்புத் தொழிலாளியின் பிறப்பிடம் கணக்கெடுப்பில் 'லானெல்லி' என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரசுக் குறியீட்டில் லானெல்லி மாவட்டத்தில் அந்தப் பெயரைத் தேடினால், பொருத்தமான வயதில் ஒரு டேவிட் டேவிஸ் நிச்சயம் கிடைப்பார். ஆனால் அந்த மாவட்டம் கார்மார்தன்ஷையர் பக்கத்தைச் சேர்ந்தது. போதாக்குறைக்குக் கிளாமோர்கனின் லக்கர் பகுதியும் அதில் அடங்கும். ப்ரெக்னக்ஷையர் லானெல்லியின் பிறப்புகள் கிரிக்ஹவல் மாவட்டத்தில் பதிவாயின. இன்றைய வரைபடத்தைப் பார்த்தாலும் தெளிவு கிடைக்காது. 1974இல் அந்தப் பங்கு க்வென்ட் கவுன்டிக்குப் போனது, இப்போது மான்மத்ஷையர் நிர்வாகத்தில் இருக்கிறது. இங்கே ஆபத்து தேடல் வெறுங்கையோடு திரும்புவதில் இல்லை. தவறான ஆள் முழுப் பொருத்தத்தோடு கிடைத்துவிடுவதில் இருக்கிறது. பெயர்கள் குறைவாக உள்ள நாட்டில் எந்த மாவட்டத்தைத் திறந்தாலும் விடை இருக்கும்.

ஊர்வழி முறையின் ஆழமான குறை இன்னொன்று. மக்கள் பங்கோடு கட்டுண்டு வாழ்ந்தார்கள் என்பது அதன் அடிப்படை அனுமானம். வேல்ஸில் அந்த அனுமானம் இரண்டு பக்கமும் ஆட்டம் காண்கிறது. முன்பக்கத்தில், 1538இலேயே பதிவேடு வைக்க உத்தரவு வந்தும், பல வெல்ஷ் பங்குகளில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முந்தைய ஏடுகள் மிஞ்சவில்லை. பின்பக்கத்தில், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், சுயாதீன சபைகள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வழிபாட்டுக்குச் சென்றோரில் பெரும்பான்மையைத் தம் பக்கம் ஈர்த்துவிட்டன. இச்சபைகளின் வழிபாட்டிடமான ஒரு சேப்பலின் உறுப்பினர்கள் பல பங்குகளிலிருந்து வந்தார்கள். அவர்களுடைய ஞானஸ்நானம் பங்குப் பதிவேட்டில் இல்லை என்பதால் அவர்கள் அந்த ஊரில் பிறக்கவில்லை என்று ஆகாது.

தொழிற்புரட்சி ஊர்களையே புதிதாக உண்டாக்கியது. பெத்தெஸ்தா, கர்மேல், ஹெப்ரோன், நேபோ என்று வேதாகமப் பெயர் தாங்கிய கிராமங்கள் அங்கே கட்டப்பட்ட சேப்பல்களிலிருந்து பெயர் பெற்றவை. பழைய பங்குப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. ட்ரெடெகர் நகரத்தாரைப் பெட்வெல்ட்டி பங்கிலும், ரோண்டா பள்ளத்தாக்கினரில் பெரும்பாலோரை அஸ்ட்ரடவோடுக் பங்கிலும் தேட வேண்டும். பென்சில்வேனியாவுக்கு 1680களில் போன குவேக்கர் குடியேற்றத்தில் ரோலண்ட் எல்லிஸின் 'ப்ரின் மார்' என்பது டால்கெத்லைக்கு அருகிலிருந்த பண்ணை. அந்தப் பெயரை இன்றைய வரைபடத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது தென்வேல்ஸின் ப்ரின்மார் நகரம். அது இரும்பு ஆலைகளோடு 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. ஊர்ப்பெயரோடு காலத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இத்தகைய பிழையைக் கண்டுகொள்ள முடியாது.

துணைக்கருவிகளும் குறையற்றவை அல்ல. சாமுவேல் லூயிஸின் 1833ஆம் ஆண்டு இடவிளக்க அகராதி பதிவு மாவட்டங்களுக்கு முந்தைய நிலையைக் காட்டுகிறது. மெல்வில் ரிச்சர்ட்ஸ் 1969இல் வெளியிட்ட நிர்வாகப் பிரிவுகளின் தொகுப்பு, ஒரு பெயர் எந்தப் பங்கு, எந்தப் பழைய குவ்முத் (இடைக்கால நிர்வாகப் பிரிவு) என்று சொல்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான வரலாற்று இடப்பெயர்ப் பட்டியல் பண்ணை, வயல் பெயர்களின் பழைய எழுத்து வடிவங்களை இலட்சக்கணக்கில் தருகிறது. பங்கு எல்லை வரைபடங்களோ பொதுவாக ஏதோ ஒரு காலப்புள்ளியில் நின்றவை. இணையத் தரவுத்தளங்கள் வேறொரு கேட்டைச் செய்கின்றன: மூலத்தில் வெறுமனே 'லான்வைர்' என்று இருப்பதை, தாமாகவே ஒரு குறிப்பிட்ட லான்வைராக மாற்றி முழு முகவரியோடு காட்டுகின்றன. மூலத்தில் இல்லாத உறுதி அங்கே உட்புகுந்துவிடுகிறது. டி.என்.ஏ. சோதனையும் இங்கே ஓரளவுக்குத்தான் உதவும். குடும்பப் பெயர் தலைமுறைதோறும் மாறிய சமூகத்தில் தந்தைவழிப் பொருத்தம் கிடைத்தாலும் இருவரின் கடைசிப் பெயர்களும் வெவ்வேறாகவே இருக்கலாம்.

இவ்வளவு குறைகளும் ஊர்வழி முறையைக் கைவிடக் காரணமாகா. அதற்கு மாற்று கிடையாது. திருத்த வேண்டியது அதன் முதல் கேள்வியை. 'இந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது?' என்று தொடங்குவதைவிட, 'இந்தப் பெயரை எழுதிய அலுவலகம் எது, எந்த ஆண்டில், எந்த எல்லையை வைத்துக்கொண்டு எழுதியது?' என்று தொடங்குவதே சரி. கணக்கெடுப்பாளரின் ஊர், பதிவாளரின் ஊர், போதகரின் ஊர் மூன்றும் ஒரே பெயரில் மூன்று நிலப்பரப்புகளாக இருக்கலாம். அதற்கடுத்த படி, மூலத்தில் உள்ள எழுத்தை அப்படியே பதிந்துகொண்டு, தன் ஊகத்தைத் தனியே குறிப்பது. பின்பு அந்தப் பெயருக்குரிய எல்லா ஊர்களையும் வரிசைப்படுத்தி, பண்ணைப் பெயர், தொழில், சாட்சிகள், அண்டைவீட்டார், தாயின் கன்னிப் பெயர் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொன்றாக விலக்குவது. அரசுப் பதிவகத்தின் இணையக் குறியீடு 1837 முதலான பிறப்புகளுக்குத் தாயின் கன்னிப் பெயரையும் தருவதால், இரண்டு லானெல்லிகளைப் பிரிக்கும் வேலை முன்பைவிட எளிதாகியிருக்கிறது. எல்லாவற்றையும் விலக்கிய பிறகும் இரண்டு பங்குகள் மிஞ்சினால், இரண்டையும் எழுதிவைப்பதே முறையான முடிவு. ஒன்றைத் தேர்ந்து கிளையை நீட்டினால், அதற்கு மேலுள்ள தலைமுறைகள் அனைத்தும் வேறொரு குடும்பத்தின் வரலாறாகிவிடும்.