மஜ்னூன்: சொல்லும் பொருளும் சமுதாயமும்

ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அறிய வேண்டின், அது புழங்கும் சொற்களை முதலில் ஆராய்தல் வேண்டும். மனநோயாளியை நாம் எச்சொல்லால் அழைக்கிறோம், நம் கதைகளும் பயான் மேடைகளும் அவரை எவ்வாறு தீட்டிக் காட்டுகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில், லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வாழும் நம் குடும்பத்தாருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. "அந்த வீட்டில் ஒருவருக்குத் தலை சரியில்லையாமே" என்று சம்பந்தம் பேச வந்தவர் கேட்கும் ஒரு கேள்வியில், அவ்வீட்டுப் பெண்மக்கள் அனைவரின் நிக்காஹும் தடைப்பட்டு நிற்பதை நாம் அறிவோம். அதனாலேயே நோய் மறைக்கப்படுகிறது; மறைக்கப்படுவதால் முற்றுகிறது.

அரபியில் 'மஜ்னூன்' என்பது 'ஜன்ன' என்னும் வேரிலிருந்து பிறந்தது. மூடுதல், மறைத்தல் என்பது அதன் பொருள். கண்ணுக்கு மறைந்த படைப்பு ஜின். தாயின் வயிற்றில் மறைந்த கரு ஜனீன். மரங்களால் மூடப்பட்ட சோலை ஜன்னத். அவ்வாறே அறிவு மறைக்கப்பட்டவர் மஜ்னூன். ஜின்னோடு இச்சொல்லுக்கு உறவுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சட்ட நூலார் அறிவு திரையிடப்பட்ட நிலையையே இச்சொல்லால் குறித்தனர். திரை விலகக் கூடியது என்பதும் அதிலேயே அடங்கியுள்ளது. 'அக்ல்' என்னும் சொல்லோ ஒட்டகத்தின் காலைக் கட்டும் 'இகால்' என்னும் கயிற்றோடு ஒரே வேரினது. மனிதனை உள்ளிருந்து நெறிப்படுத்தும் கட்டு அது. உள்ளே தளர்ந்த கட்டுக்கு வெளியே இரும்பைப் பூட்டுவது மருத்துவம் ஆகாது.

தமிழில் 'பித்து' என்பதைப் 'பித்தம்' என்பதோடு சேர்த்தே நம் முன்னோர் எண்ணினர். யூனானி மருத்துவர் 'மாலன்கூலியா' என்று வழங்கியதும் கரும்பித்தம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் திரிபே. இப்னு சீனா தமது 'கானூன்' நூலில் அதனைத் தலைநோய்களோடு வைத்து ஆராய்ந்தார். பித்தக் கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எனினும் இரு மொழி அறிஞரும் இதை உடலோடு தொடர்புடைய நோயாகக் கண்டனர் என்பது கருதத்தக்கது. 'சாபம்', 'செய்வினை', 'ஈமான் குறைவு' என்று மட்டும் சொல்வது நம் முன்னோரின் அறிவுக்கும் பின்னால் செல்வதாகும்.

இனி இலக்கியத்திற்கு வருவோம். நம் கதை மரபில் பித்தருக்கு இரண்டு அச்சுகளே உண்டு. ஒன்று ஞானப் பித்தர். ஹாரூன் ரஷீத் காலத்துப் பஹ்லூல் இவ்வகையினர். இத்தகையோரின் செய்திகளைத் திரட்டி, ஹிஜ்ரி 406இல் மறைந்த நைஸாபூரி 'உகலாவுல் மஜானீன்' என்றொரு நூலே செய்தார். நிஸாமி 1188இல் பாடிய லைலா மஜ்னூன் காவியத்துக் கைஸ் காதல் பித்தர். அவரும் இவ்வரிசையில் சேர்வார். மற்றோர் அச்சு ஜின் பிடித்தவர்; ஓதிப் பார்ப்பவரின் ஆற்றலைக் காட்டவே அவர் கதையில் வருவார்.

இவ்விரண்டிலும் இல்லாதவர் ஒருவர் உண்டு. அவரே நம் தெருவில் வாழ்பவர். குழந்தை பெற்ற சில நாளில் உறக்கம் கெட்டுப் பிள்ளையைத் தொட மறுக்கும் இளந்தாய். வளைகுடாவிலிருந்து திரும்பிய பின் அறையை விட்டு வெளிவராத பிள்ளை. மருந்துண்டு தேறிக் கடைக்குத் திரும்பிய சகோதரர். இவர்களைப் பற்றி நம் மேடை பேசுவது அரிது. நிஸாமியின் காவியத்தில் தந்தை மகனைக் குணம் வேண்டிக் கஃபாவுக்கு அழைத்துச் செல்கிறார். மகனோ தன் காதல் மிக வேண்டுமென்று துஆச் செய்கிறான். நாம் மகனின் சொல்லைப் போற்றுகிறோம். தந்தையின் கண்ணீரைக் கடந்து விடுகிறோம். காவியத்திற்கு அது பொருந்தலாம். வாழ்வில் நம் இடம் அத்தந்தையின் பக்கமே.

மார்க்க நூல்கள் இதில் நம் கதைகளைவிடத் தெளிவானவை. ஸூரத்துல் கலமின் தொடக்கம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பகைவர் வீசிய 'மஜ்னூன்' என்னும் பழியை மறுக்கிறது. அச்சொல்லை ஏளனமாக வீசுவது எவர் வழக்கம் என்பதை இதிலிருந்து உணரலாம். யஃகூப் (அலை) அவர்கள் துயரத்தால் கண்ணொளி இழந்ததை இறைமறை கூறுகிறது. அதை ஈமான் குறைவு என்று எவரும் சொல்லத் துணியார். சித்தம் கலங்கியவர் தெளியும் வரை அவர்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழியின் கருத்து. 'தெளியும் வரை' என்பதைக் கவனிக்க வேண்டும். நீங்காப் பித்து, விட்டு விட்டு வரும் பித்து எனப் பிக்ஹு நூலார் பகுத்ததும், தெளிந்தவரின் கடமையும் உரிமையும் அவரிடமே மீளும் என்று விதித்ததும், மீட்சி உண்டு என்பதை ஏற்றதனாலேயே. சட்டம் திருப்பிக் கொடுத்ததைச் சமுதாயம் தர மறுப்பது எவ்வகை நீதி?

பல்கு நகரத்து அபூ ஸைத் (கி.பி. 850–934) உடல், உள்ளம் ஆகிய இரண்டின் நலத்திற்கும் ஒரே நூல் செய்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாது கவியும் துயரம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். "உனக்கென்ன குறை? ஏன் அழுகிறாய்?" என்று கேட்போருக்கு ஆயிரமாண்டுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது.

இங்கே நம் எழுத்தாளரிடம் ஒரு குறையைச் சுட்ட வேண்டும். கெய்ரோவில் 1284இல் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிக்குத் தனிப்பகுதி இருந்தது என்று பெருமையோடு எழுதுகிறோம். பயணி இப்னு ஜுபைர், ஸலாஹுத்தீன் காலத்துக் கெய்ரோவில் மனநோயாளியின் நிலை நாள்தோறும் விசாரிக்கப்பட்டதை எழுதினார். அதையும் எடுத்துக் காட்டுகிறோம். அதே பயணி திமிஷ்கில் அவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததையும் எழுதியுள்ளார். அவ்விடத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். பாதியை மறைத்துச் சொல்லும் பெருமை, இன்றைய சங்கிலியையும் காணாதிருக்கச் செய்யும்.

அச்சங்கிலி 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில் ஏர்வாடியில் வெளிப்பட்டது. தர்காவுக்கு அருகில் தனியார் நடத்திய காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. கட்டப்பட்டிருந்தவர் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடுத்துள்ளது. காப்பகம் நடத்தியோரைப் பழிப்பது எளிது. ஆனால் நோயாளியை அங்கே கொண்டுபோய் விட்டது யார்? ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிய குடும்பங்கள். அப்பேச்சைப் பேசியவர் நாம். இது ஒரு மதத்தாருக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. நம் அண்டையிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் மனநோயாளிகளை அழைத்துச் செல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

துஆவை விடச் சொல்வார் எவருமில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. துஆவோடு தவாவும் என்னும் கருத்தில், பின்னாளில் ஏர்வாடியிலேயே அரசு மனநல மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதன்முதல் தொடங்கிய மாவட்டங்களுள் திருச்சியும் ஒன்று. 1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் அம்மாவட்டத்தின் பகுதிகளே. மருத்துவம் நம் வாசலுக்கு அருகில் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறவும் இயலும்.

ஆதலின் எழுதுவோர் மூன்றாவது கதையை எழுதட்டும்: நோயுற்று, மருந்துண்டு, குடும்பத்தார் துணையால் தேறியவரின் கதையை. பயான் செய்வோர் ஜும்ஆ மேடையில் இதனை நோயென்றே பெயரிட்டுச் சொல்லட்டும். மருந்தைத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவர் சொற்படி தொடரச் செய்வது வீட்டாரின் கடமை. சம்பந்தம் பேசச் செல்வோர், அவ்வீட்டில் நோயாளி உண்டா என்பதைவிட, அந்நோயாளியை அவ்வீட்டார் எவ்வாறு பேணினர் என்று விசாரிக்கட்டும். அக்குடும்பத்தின் தரத்தை அறிய அதனினும் நல்ல உரைகல் இல்லை.