‘நாம்’ எடுத்த ஆள்: பிலடெல்பியா ரசிகரின் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

விளையாட்டு ரசிகரைப் பற்றிப் பேச நம் தரப்பில் இரண்டே வாய்பாடுகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, மக்களைத் திசைதிருப்பும் போதை என்பது. இன்னொன்று கொஞ்சம் பிற்பாடு வந்தது: பக்தினைத் தூக்கிக்கொண்டு வந்து, ‘இது கார்னிவல், இது தலைகீழாக்கம்’ என்று சொல்லிவிட்டுப் போவது. எதற்கெடுத்தாலும் இதைச் சொல்லிச் சொல்லி நமக்கே அலுத்துப்போச்சு. இந்த இரண்டிலுமே ஒரு வசதி உண்டு. ரசிகர் என்னதான் பேசுகிறார் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இலேயே கிரிக்கெட்டை வைத்து ஒரு காலனியச் சமூகத்தை வாசித்துக் காட்டியவர். அவரைப் பெயர் சொல்லும் நாம் அந்த வேலையை மட்டும் தொடரவில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது ரசிகரின் ஒரு பேச்சு வகை. அமெரிக்கக் கால்பந்தில் (காலால் உதைப்பது அதில் கொஞ்சம்தான், கையால் எறிவதும் ஏந்தி ஓடுவதும் மோதிச் சாய்ப்பதுமே அதிகம்) ஆண்டுக்கு ஒருமுறை ‘டிராஃப்ட்’ என்கிற ஆள் எடுப்பு நடக்கும். கல்லூரி முடித்து வரும் இளைஞர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். முந்தைய ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்த ஒரு அணியோடு மட்டும்தான் ஊதியம் பேச முடியும். முதல் சுற்றில் நம் அணி யாரை எடுக்கப்போகிறது, யாரை எடுத்திருக்கணும் என்பதில் ரசிகர்கள் மாதக்கணக்கில் அடித்துக்கொள்கிறார்கள். மதுக்கடை, வானொலி, வேலையிடம், எங்கும் இதே பேச்சு.

1999 ஏப்ரல் 17, நியூயார்க். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி முந்தைய பருவத்தில் 16 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்றிருந்தது; ஆகவே இரண்டாவது வாய்ப்பு அவர்களுக்கு. நகரத்தின் விளையாட்டு வானொலி ஒன்றின் ஏற்பாட்டில் முப்பது ரசிகர்கள் பேருந்தில் வந்து அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ரிக்கி வில்லியம்ஸை. பந்தை ஏந்தி ஓடும் ‘ரன்னிங் பேக்’ அவர். நகர மேயர் எட் ரெண்டெல்கூட வானொலிக்குத் தொலைபேசி செய்து ரிக்கிக்காகப் பரிந்து பேசியிருந்தார். மேடையில் லீகின் தலைவர் அறிவித்த பெயரோ டொனோவன் மெக்நாப். சைரக்யூஸ் கல்லூரியின் ‘குவார்ட்டர்பேக்’. ஆட்டத்தைத் திட்டமிட்டு நடத்தி, பந்தை எறிபவர். முப்பது பேரும் ஊளையிட்டார்கள். பெற்றோரோடு வந்திருந்த 22 வயது இளைஞர், தன் வாழ்க்கையின் பெரிய நாள் என்று நம்பிய நாளில், அந்த ஊளைக்கு நடுவே மேடையேறினார்.

இந்தக் கதையை அங்கே எப்படி முடிக்கிறார்கள் என்பது தெரிந்ததே. மெக்நாப் அந்த அணியை ஐந்து முறை அரையிறுதிக்கும், ஒருமுறை, 2005 பிப்ரவரியில், இறுதி ஆட்டத்துக்கும் கொண்டுபோனார். 2013இல் அவருடைய 5ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி அறிவித்தது. ஆக, ரசிகர்கள் முட்டாள்கள், பயிற்சியாளர் ஆண்டி ரீட் தீர்க்கதரிசி. அத்தோடு கதை முடிந்தது. ஆனால் ‘யார் சொன்னது சரியாச்சு’ என்று கணக்குப் பார்ப்பதே நிர்வாகத்தின் பேரேட்டை நாம் வாங்கி எழுதுவதுதானே? ஊளை சரியா தப்பா என்பதல்ல, அது யாருடைய குரலில் வந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

‘நாம் ரிக்கியை எடுத்திருக்கணும்.’ ரசிகரின் வாக்கியம் இதுதான். ஆங்கிலத்தில் இதைச் சொல்லும்போது ஒரு பிரச்சினையும் வராது. தமிழில் வரும். ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. கேட்பவரையும் உள்ளே சேர்க்கிற உளப்பாட்டுத் தன்மைப் பன்மை, சேர்க்காத தன்மைப் பன்மை என்று நமக்கு இரண்டு இருக்கின்றன. மொழிபெயர்க்க உட்கார்ந்தால் கேட்டாக வேண்டியிருக்கிறது: இந்த ரசிகர் யாரை உளப்படுத்துகிறார்? பக்கத்து இருக்கைக்காரரை, சரி. நகரத்தை, சரி. அணியின் முதலாளியையும் சேர்த்துத்தான் சொல்கிறார். அந்த முதலாளி பதிலுக்குச் சொல்லும் சொல் ‘நாங்கள்’. 1984 மார்ச்சில் பால்டிமோர் நகரத்தின் கோல்ட்ஸ் அணியை அதன் முதலாளி இரவோடு இரவாக லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோனார். விடிந்தபோது நகரத்துக்கு அணியே இல்லை. முந்தின நாள்வரை ‘நாம்’ என்று பேசிக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரீன் பே அணி மட்டும் விதிவிலக்கு. அது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்களின் சொத்து, லாபப்பங்கு கிடையாது. அங்கேயும் யாரை எடுப்பது என்பதில் பங்குதாரருக்கு வாக்கில்லை.

பிலடெல்பியாவில் இந்த ‘நாம்’ என்பதற்கு இன்னொரு வேடிக்கையான முகமும் இருந்தது. ரசிகர்களின் அடிதடி தாங்காமல் 1997இல் ஈகிள்ஸின் மைதானத்துக்குக் கீழேயே ஒரு நீதிமன்றம் திறந்தார்கள். நீதிபதி, பக்கத்திலேயே லாக்கப், சுடச்சுட அபராதம். மேலே தன்னை முதலாளியாக நினைத்துக்கொண்டு கத்தியவர், கீழே குற்றவாளியாக நிற்பார். ஒரே கட்டடம்தான்.

முதலாளியின் குரலில் பேசும்போது எதிரே இருப்பது என்ன? ஓர் உடல். இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் இந்த இளைஞர்களை வரிசையில் நிறுத்தி அளக்கிறார்கள். உயரம், எடை, உள்ளங்கையின் விரிவு, 40 கெஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான், 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறான். 2022 வரைக்கும் புத்திக்கு என்று தனியாக ஒரு பரீட்சையும் வைத்திருந்தார்கள். பூக்கோ இதைப் பார்த்திருந்தால் தனியாக விளக்கவுரை எழுத வேலையிருந்திருக்காது. இந்த எண்களையெல்லாம் ரசிகர் மனப்பாடமாக ஒப்பிக்கிறார். ‘கை சின்னது’, ‘இடுப்பு இறுக்கம்’, ‘முழங்கால் தாங்காது’ என்று மாட்டுச் சந்தைத் தரகரின் நாக்கு அவருக்கு வந்துவிடுகிறது. ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் கருப்பர்கள் என்பதால், இந்த அளவெடுப்பை அடிமைச் சந்தையோடு ஒப்பிட்டவர்கள் பலர். கோலின் கேப்பர்னிக் 2021இல் தன் தொலைக்காட்சித் தொடரில் காட்சியாகவே வைத்தார். உவமை வலுவானதுதான். ஆனால் அது ஒன்றை மறைக்கிறது. அடிமைச் சந்தையில் காசில்லாமல் வேடிக்கை பார்த்தவன் ‘நாம் வாங்கிட்டோம்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. இங்கே சொல்கிறான். வாங்கும் சுகம் வாங்காதவனுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. புதிது என்றால் அதுதான் புதிது.

1999இன் ஊளையை நிறவெறி என்று ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் வேண்டாம் என்றவரும் கருப்பர், வேண்டும் என்று கேட்டவரும் கருப்பர். சடைமுடி வளர்த்த ரிக்கி. அதற்கு முன்பே ரேண்டல் கன்னிங்ஹாம் என்ற கருப்பினக் குவார்ட்டர்பேக்கை அதே நகரம் பல ஆண்டுகள் கொண்டாடியிருக்கிறது. சரி, அப்படியானால் நிறம் இங்கே வேலையே செய்யவில்லையா? செய்கிறது, ஆட்களில் அல்ல, இடங்களில். ஓடுகிறவன் உடல், எறிகிறவன் மூளை. இந்த இருமை எதிர்வுதான் அங்கே வெகுகாலம் நிறத்தின் வேலையைச் செய்துவந்தது. 1968இல் ஓக்லண்ட் அணி எல்ட்ரிட்ஜ் டிக்கி என்ற கருப்பினக் குவார்ட்டர்பேக்கை முதல் சுற்றில் எடுத்து, பிறகு பந்து பிடிக்கும் இடத்துக்குத் தள்ளியது. வாரன் மூன் 1978இல் பெரிய கல்லூரிக் கோப்பையை வென்று கொடுத்துவிட்டு வந்தும் யாரும் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆடி ஐந்து முறை கோப்பை வாங்கிய பிறகுதான் உள்நாட்டில் கதவு திறந்தது. மெக்நாபையும் விடவில்லை. 2003இல் ரஷ் லிம்பா என்ற வலதுசாரி வானொலிக்காரர், கருப்பினக் குவார்ட்டர்பேக் ஜெயிக்கணும் என்று பத்திரிகைகள் ஆசைப்படுவதால்தான் அவரைத் தூக்கிவைக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார். சில நாட்களில் பதவி விலக வேண்டியதாயிற்று. இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு இன்னொன்று: தலையில் அடிபட்டு மூளை பாதித்த முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு இழப்பீடு கணக்கிடும்போது, கருப்பர்களின் மூளைத்திறன் ஆரம்பத்திலிருந்தே குறைவு என்று வைத்துக் கணக்குப் போடும் முறை இருந்தது. அதைக் கைவிடுகிறோம் என்று லீக் அறிவித்தது 2021இல்தான்.

இந்த ஆள் எடுப்பு ரசிகரின் ஆசையையே எப்படித் திருகிவிடுகிறது என்பதற்கு, பிலடெல்பியாவின் பேர்போன பனிப்பந்துக் கதையைப் பார்க்கலாம். 1968 டிசம்பரில் அந்த ஊர் ரசிகர்கள் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டு வந்தவர் மேல் பனிக்கட்டியை உருட்டி எறிந்தார்கள். இவ்வளவு கொடூரமான ரசிகர்களா என்று இன்றைக்கும் நாடே கைகொட்டிச் சிரிக்கிறது. காரணத்தைப் பாதிப் பேர் சொல்வதில்லை. அந்த ஆண்டு ஈகிள்ஸ் முதல் பதினோரு ஆட்டங்களிலும் தோற்றது. அப்படியே எல்லாவற்றிலும் தோற்றிருந்தால் ஓ.ஜே. சிம்ப்சனை எடுக்கும் முதல் வாய்ப்பு கிடைத்திருக்கும். அடுத்த இரண்டில் ஜெயித்துத் தொலைத்தார்கள். வாய்ப்பு பஃபலோவுக்குப் போயிற்று. தன் அணி ஜெயித்ததற்காக வயிறெரிந்த ரசிகர்கள் அவர்கள்! களத்தில் உருளும் ஆட்டக்காரனுக்கு அன்றைய வெற்றிதான் கூலி. மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அது அடுத்த ஆண்டு இருப்பில் நட்டம். அப்போது கார்னிவல் எங்கே போயிற்று? கணக்குப்பிள்ளையின் கோபம் அல்லவா அது.

யார் பேசலாம் என்பதிலும் ஒரு சாதிமுறை உண்டு. மெல் கைப்பர் என்றொருவர். எந்த அணியிலும் வேலை பார்க்காமலே இந்த ஆள் எடுப்பைக் கணிப்பதைத் தொழிலாக்கிக்கொண்டவர். 1994இல் இண்டியானாபொலிஸ் எடுத்த ஆளைத் தொலைக்காட்சியில் அவர் கிழித்தபோது, அணியின் மேலாளர் பில் டோபின் எரிந்து விழுந்தார். யார் இந்தக் கைப்பர், என் பக்கத்து வீட்டுக்காரரைவிட இவருக்குக் கூடுதல் தகுதி எதுவும் இல்லை, அவர் ஒரு தபால்காரர் என்கிற பொருளில் பேசினார். அந்தத் தபால்காரரை யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கென்னவோ அவர்தான் முக்கியமானவராகப் படுகிறார். தபால்காரர் பேசக்கூடாது என்கிறார் மேலாளர். கைப்பரைத் திட்டினாலும், திட்டு விழுவது சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் மேல். இந்த இடத்தில் நான் ரசிகர் பக்கம்தான். ஆனால் தபால்காரருக்குப் பேச்சுரிமை கிடைத்தவுடன் அவர் டோபினைப் போலவே பேசுகிறார் என்பதுதான் தொந்தரவு. கூலிக்கு உழைப்பவர், இன்னொரு கூலிக்கு உழைப்பவரைப் பற்றி, மேலாளரின் சொற்களால்.

இந்தப் பேச்சு முழுவதிலும் ஒரே ஒரு கேள்விதான் எழுவதில்லை. அந்த இளைஞனுக்கு எங்கே போக விருப்பம்? 1935இல் இந்த முறையை முன்மொழிந்தவர் அன்றைய ஈகிள்ஸ் முதலாளி பெர்ட் பெல். ஓர் ஆட்டக்காரரை வாங்கும் போட்டியில் புரூக்ளின் அணியிடம் தோற்றிருந்தவர். பலவீனமான அணிகளுக்குச் சமநிலை என்பது சொல்லப்பட்ட நியாயம். ஆட்டக்காரர் விலை பேச முடியாமற்போனது கிடைத்த லாபம். 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் ஒரு ஹோட்டலில் 9 அணிகள் கூடி 81 பெயர்களைப் பங்குபோட்டுக்கொண்டன. முதல் பெயர் ஜே பெர்வாங்கர், எடுத்தது ஈகிள்ஸ். ஊதியம் கட்டுப்படியாகாமல் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நுரைரப்பர் விற்கப் போனார். ஆக, வரலாற்றில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவரே ‘வரமாட்டேன்’ என்றவர். பிறகு 1983இல் ஜான் எல்வே பால்டிமோருக்கு வரமாட்டேன் என்றார். 1986இல் போ ஜாக்சன் டாம்பாவுக்குப் போகாமல் பேஸ்பால் ஆடப் போனார். 2004இல் ஈலை மேனிங் சான் டியாகோ வேண்டாம் என்றார், அரங்கம் ஊளையிட்டது. ஒரு தொழிலாளி எந்த ஊரில் வேலை செய்வது என்று சொல்வதைத் திமிர் என்று பெயரிட ரசிகருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவருடைய வேலையில் இப்படி நடந்தால் சங்கத்தைக் கூட்டுவார்.

நீதிமன்றத்திலும் இது தோற்றிருக்கிறது. 1968இல் வாஷிங்டன் அணி முதல் சுற்றில் எடுத்த ஜேம்ஸ் ‘யாஸூ’ ஸ்மித், முதல் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கழுத்து முறிந்து விளையாட்டையே விட்டவர். தன் உழைப்பைப் பல அணிகளிடம் விலை பேசும் வாய்ப்பைப் பறித்தார்கள் என்று வழக்குப் போட்டார். ஆள் எடுப்பு ஏகபோக எதிர்ப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று 1976இல் தீர்ப்பு வந்தது. 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சட்டவிரோதக் கட்டுப்பாடுதான் என்றது. ஆனால் இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில், 1977இல், லீகும் ஆட்டக்காரர் சங்கமும் ஒப்பந்தம் போட்டு அந்த முறையை நீடிக்கவிட்டன. சங்கத்தின் கையெழுத்து விழுந்த பிறகு சட்டம் கை விரித்துவிட்டது. அந்த ஒப்பந்தத்தில் பேரம் பேசியவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள். இன்னும் எடுக்கப்படாத கல்லூரிப் பையனுக்கு அங்கே குரல் ஏது? தொழிற்சங்க அனுபவமுள்ள நண்பர்கள் இந்த இடத்தை நின்று யோசிக்கலாம்.

ரிக்கி வில்லியம்ஸ் என்ன ஆனார்? நியூ ஆர்லியன்ஸ் அணி அந்த ஆண்டின் தன் எல்லா வாய்ப்புகளையும், அடுத்த ஆண்டின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து அவரை எடுத்தது. மனிதர்களைக் கண்டாலே கூசும் பதற்ற நோய் தனக்கு இருந்ததைப் பின்னால் அவரே சொன்னார். 2004இல் மயாமி அணியில் இருந்தபோது, போதும் என்று விலகினார். ஒப்பந்தத்தை மீறியதற்காக 86 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. ‘நம்மை ஏமாத்திட்டான்’ என்றார்கள் மயாமி ரசிகர்கள்.

2017இல் ஆள் எடுப்பு திருவிழா பிலடெல்பியாவுக்கே வந்தது. கலை அருங்காட்சியகத்தின் படிக்கட்டில் மேடை, எதிரே பெருங்கூட்டம். லீகின் தலைவர் ரோஜர் குடெல் மேடைக்கு வந்ததும் ஊளை கிளம்பியது. 1999இல் அது எதிர்பாராத அவமானம். இப்போது நிகழ்ச்சி நிரலில் இருப்பது. குடெல் கைகளை ஆட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.