தி அவுட்சைடர்ஸ்: கதைமாந்தரை நேசிக்கும் வாசிப்பு

தி அவுட்சைடர்ஸ், அமெரிக்க எழுத்தாளர் எஸ். இ. ஹின்டன் எழுதிய நாவல். 1967-ல் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்டது. பதின்பருவத்தினருக்கான புனைவு அமெரிக்காவில் தனியொரு வகையாக நிலைபெற வழிவகுத்த நூல்களில் முதன்மையானதாக இது கருதப்படுகிறது. இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றுள்ளன. இன்றும் அமெரிக்கப் பள்ளிகளில் பாடநூலாகப் படிக்கப்படுகிறது.

இந்நாவலின் வாசகர்கள் கதையைவிடக் கதைமாந்தரையே அதிகம் பேசுகிறார்கள். போனிபாய், ஜானி, டாலி ஆகியோரைத் தம் நண்பர்களைப் போலக் குறிப்பிடுகிறார்கள். கதைமாந்தர்மேல் கொள்ளும் இத்தகைய பற்றை முதிராத வாசிப்பின் அடையாளம் என்று ஒதுக்கும் போக்கு விமர்சகர்களிடம் உண்டு. மொழி, வடிவம், தரிசனம் ஆகியவற்றைக் கவனிப்பதே தேர்ந்த வாசிப்பு, கதாநாயகனை நேசிப்பது அதற்கு முந்தைய படி என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்துக்கான பதில் தி அவுட்சைடர்ஸ் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. இது இளம் வாசகர்கள் நேசித்த நாவல் மட்டுமல்ல, புத்தகங்களின் கதைமாந்தரை நேசிக்கும் இரு சிறுவர்களைப் பற்றிய நாவலும்கூட.

பின்னணி

சூசன் எலாய்ஸ் ஹின்டன் 1948-ல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்தார். வில் ராஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, பதினைந்து வயதில், இந்நாவலை எழுதத் தொடங்கினார். பெரும்பகுதியைப் பதினாறு வயதில் எழுதினார். நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. நாவலை எழுதிய ஆண்டில் பள்ளியின் படைப்பிலக்கியப் பாடத்தில் மிகக் குறைந்த மதிப்பெண்ணே பெற்றார். ஆண்கள் மட்டுமே நிறைந்த ஒரு கதையைப் பெண் எழுதியதாக அறிந்தால் மதிப்புரையாளர்கள் முன்முடிவோடு அணுகக்கூடும் என்று கருதிய பதிப்பகம், முதலெழுத்துகளை மட்டும் பயன்படுத்தும்படி ஆலோசனை கூறியது.

தன் வயதினரின் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம் எதுவும் கிடைக்காததால் தானே எழுதியதாக ஹின்டன் பேட்டிகளில் கூறியிருக்கிறார். அன்று பதின்பருவத்தினருக்கென்று கிடைத்தவை பெரும்பாலும் குதிரைக் கதைகளும் பள்ளி நடனத்துக்குத் துணை தேடும் பெண்களின் கதைகளும்தான். அவருடைய பள்ளியிலோ மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து மோதிக்கொண்டிருந்தார்கள். வாசகியின் ஏமாற்றத்திலிருந்து பிறந்த நாவல் இது.

கதைச்சுருக்கம்

டல்சாவை நினைவூட்டும், பெயர் சொல்லப்படாத ஒரு நகரம். கிழக்குப் பகுதியில் ஏழைகளான கிரீசர்கள் வாழ்கிறார்கள். தலைமுடியில் எண்ணெய் தடவி நீளமாக வளர்ப்பதால் அந்தப் பெயர். மேற்குப் பகுதியில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளான சோஷ்கள். பதினான்கு வயது போனிபாய் கர்டிஸ் கதையைச் சொல்கிறான். கார் விபத்தில் பெற்றோரை இழந்த அவனை மூத்த அண்ணன் டாரி கண்டிப்புடன் வளர்க்கிறான். நடு அண்ணன் சோடாபாப் இருவருக்கும் இடையில் நின்று சமாதானம் செய்கிறான்.

ஓர் இரவில் டாரி அடித்துவிட, போனிபாய் வீட்டைவிட்டு ஓடுகிறான். உடன் செல்பவன் ஜானி கேட். பெற்றோரின் அடிக்கும் அலட்சியத்துக்கும் இடையில் வளர்ந்தவன். பூங்காவில் சோஷ்கள் போனிபாயை நீரூற்றுத் தொட்டியில் அமிழ்த்துகிறார்கள். அவனைக் காப்பாற்ற ஜானி, பாப் ஷெல்டன் என்னும் சோஷைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். சிறை சென்று மீண்ட டாலஸ் வின்ஸ்டன் என்கிற டாலியின் உதவியோடு இருவரும் கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தில் ஒளிகிறார்கள். அங்கே தீப்பிடிக்கிறது. உள்ளே சிக்கிய குழந்தைகளை மீட்கும்போது ஜானி படுகாயமடைந்து, சில நாட்களில் இறக்கிறான். அந்த இழப்பைத் தாங்காத டாலி ஒரு கடையில் கொள்ளையடித்து, குண்டில்லாத துப்பாக்கியைக் காவலர்கள் முன் உயர்த்திச் சுடப்பட்டு இறக்கிறான். பள்ளியில் ஆங்கில ஆசிரியர் கட்டுரை எழுதச் சொல்ல, போனிபாய் எழுதத் தொடங்குவது இந்தக் கதையைத்தான்.

மாணவர்களின் கடிதம்

நூல் வெளிவந்தபோது மருந்துக்கடைகளின் மலிவுப் பதிப்பு அடுக்குகளில் அது அதிகம் விற்கவில்லை. வகுப்பறைகளில் ஆசிரியர்கள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே பரவியது. வாசிக்க விரும்பாத மாணவர்களும் இதை முடித்தார்கள் என்பதே ஆசிரியர்கள் வழியாகப் பரவிய செய்தி.

அந்தப் பற்றின் புகழ்பெற்ற சான்று 1980 மார்ச்சில் எழுதப்பட்ட ஒரு கடிதம். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் உள்ள லோன் ஸ்டார் பள்ளியின் நூலகர் ஜோ எலன் மிசாகியன், மாணவர்களின் கையெழுத்துகளுடனும் நாவலின் ஒரு பிரதியுடனும் இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவுக்கு அதை அனுப்பினார். இந்நாவலைப் படமாக்கத் தகுந்தவர் அவரே என்பது மாணவர்களின் கருத்து. கொப்போலா தயாரிப்பில் 1979-ல் வந்த ‘தி பிளாக் ஸ்டாலியன்’ படத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். கொப்போலா இணங்கினார். 1983-ல் வெளிவந்த படத்தில் அந்த நூலகருக்கும் மாணவர்களுக்கும் நன்றி தெரிவிக்கப்பட்டது.

இக்கதை பலமுறை சொல்லப்பட்டது. அதன் தொடர்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1983-ல் வெளிவந்த வடிவம் சுமார் ஒன்றரை மணி நேரமே ஓடியது. போனிபாயைச் சோஷ்கள் தாக்கும் தொடக்கக் காட்சியும் சகோதரர்களின் வீட்டுக் காட்சிகள் பலவும் வெட்டப்பட்டிருந்தன. அவை எங்கே என்று இளம் வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக் கேட்டார்கள். 2005-ல் கொப்போலா விடுபட்ட காட்சிகளைச் சேர்த்து, இருபது நிமிடங்களுக்கும் மேல் நீண்ட வடிவத்தை வெளியிட்டார். வாசகர்கள் கேட்டவை சண்டைக் காட்சிகளை மட்டுமல்ல. மூன்று சகோதரர்கள் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் தாங்குவதே நாவலின் மையம், அது இல்லாவிட்டால் இது வெறும் கும்பல் மோதல் கதை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். கதைமாந்தர்மேல் கொண்ட அன்பே படைப்பின் அமைப்பைப் பற்றிய சரியான மதிப்பீட்டை அவர்களுக்கு அளித்தது. அந்தக் கேள்வியை விமர்சனம் என்றே சொல்ல வேண்டும்.

நாவலுக்குள் நிகழும் வாசிப்பு

போனிபாய் ஓயாத வாசகன், திரைப்பட ரசிகன். எந்த மனிதரை அறிமுகப்படுத்தினாலும் கண்ணின் நிறம், முடியின் நிறம், முகவெட்டு ஆகியவற்றைத் தவறாமல் சொல்கிறான். கலைநோக்கில் இது பயிற்சியற்ற எழுத்து. ஆனால் தனக்குப் பிடித்தவர்களை ஒரு ரசிகன் இப்படித்தான் விவரிப்பான். கதைசொல்லியின் குணத்துக்கு அது பொருந்தியே இருக்கிறது.

நாவலின் தொடக்கத்திலேயே அவன் சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைக் குறிப்பிடுகிறான். கனவானாக இல்லாததால் ஒரு பெண்ணின் ஏளனத்துக்கு ஆளாகித் தன்னையே இழிவாக உணரும் பிப் அவனுக்குக் கிரீசர்களை நினைவூட்டுகிறான். விக்டோரியா காலத்து இங்கிலாந்துச் சிறுவனிடம் ஓக்லஹோமா சிறுவன் தன்னைக் காண்கிறான். இது கதைமாந்தரை நேசிக்கும் வாசிப்பின் முதல் நிலை. வாசகன் தன்னைப் புத்தகத்தில் கண்டுகொள்கிறான்.

இரண்டாம் நிலை தேவாலயத்தில் நிகழ்கிறது. நேரத்தைப் போக்க இருவரும் மார்கரெட் மிச்செலின் ‘கான் வித் த விண்ட்’ நாவலைப் படிக்கிறார்கள். போனிபாய் வாய்விட்டுப் படிக்க, பள்ளியில் மந்தமானவன் என்று கருதப்பட்ட ஜானி கேட்கிறான். நிச்சயமான சாவை நோக்கிக் குதிரையில் செல்லும் தென்மாநிலக் கனவான்கள் ஜானியைக் கவர்கிறார்கள். அவர்கள் டாலியைப் போல இருக்கிறார்கள் என்கிறான். போனிபாய் திகைக்கிறான். அவனுக்கு டாலி முரடன், அஞ்சத்தக்கவன். வேறொருவன் செய்த குற்றத்துக்காகக் காவலர்கள் டாலியைப் பிடித்தபோது அவன் முகம் மாறாமல் பழியை ஏற்றுக்கொண்டதை ஜானி சொல்கிறான்.

இங்கே வாசிப்பு திசை மாறுகிறது. ஜானி புத்தகத்தில் தன்னைத் தேடவில்லை. அருகிலிருந்த ஒரு மனிதனைப் புரிந்துகொள்ளும் சொல் அவனுக்கு அந்தப் புத்தகத்திலிருந்து கிடைக்கிறது. நிறைய படித்த போனிபாய் காணாததைப் படிக்கத் தடுமாறும் ஜானி காண்கிறான். கதைமாந்தர்மேல் உள்ள பற்று பகற்கனவு மட்டுமே என்பவர்களுக்கு இக்காட்சி போதுமான மறுப்பு.

பற்றின் எல்லை

ஹின்டன் இத்துடன் நிறுத்தியிருந்தால் இது வாசிப்பைப் போற்றும் இனிய நாவலாக முடிந்திருக்கும். டாலியின் சாவு அதைச் சோதனைக்கு உட்படுத்துகிறது. அவனும் நிச்சயமான சாவை நோக்கித்தான் செல்கிறான். புறத்தோற்றத்தில் ஜானி வியந்த கனவான்களின் சாவைப் போன்றதே அது. போனிபாயோ அதை வீரச்சாவாக ஏற்க மறுக்கிறான். டாலி இளமையில், வன்முறையில், நம்பிக்கையற்று இறந்தான் என்பதே அவன் கண்ட உண்மை. டாலியிடம் ஜானி கண்டது பொய்யல்ல. ஆனால் அந்தச் சித்திரத்தால் டாலியைக் காப்பாற்ற முடியவில்லை.

இதுவே மூன்றாம் நிலை. நேசித்த கதைமாந்தரைவிட மனிதன் பெரியவன், குழப்பமானவன் என்று அறிவது. நாவலின் கடைசிப் பகுதியில் போனிபாய் படிப்பில் பின்தங்குகிறான். பாபைக் கொன்றது தானே என்று நம்ப முயல்கிறான். ஜானி இறந்ததையே ஏற்க மறுக்கிறான். கதைகளால் உண்மையை மூடிக்கொள்ளும் ஆபத்து அவனையும் பற்றுகிறது. ‘கான் வித் த விண்ட்’ பிரதிக்குள் ஜானி வைத்துச் சென்ற கடிதம் அவனை மீட்கிறது. அதன்பிறகே அவன் எழுதத் தொடங்குகிறான். எண்ணெய் தடவிய முடியை வைத்து மனிதரை எடைபோடும் ஊருக்கு இவர்களின் கதையைச் சொல்ல வேண்டும் என்பதே அவன் நோக்கம்.

குறைகள்

நாவலில் தற்செயல்கள் அதிகம். குற்றவாளிகளாகத் தேடப்படும் இருவரும் வீரர்களாக மாறுவதற்கு ஏற்ற நேரத்தில் தேவாலயம் தீப்பிடிக்கிறது. உணர்ச்சிகள் பல இடங்களில் நேரடியாக அறிவிக்கப்படுகின்றன. செர்ரி வேலன்ஸ் தவிர வேறு எந்தப் பெண்ணுக்கும் தனி முகம் இல்லை.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ‘கான் வித் த விண்ட்’ காட்டும் கனவான்களின் வாழ்க்கை அடிமைமுறையின்மேல் எழுந்தது. அந்த நாவல் அதை அழகுபடுத்துகிறது. சிறுவர்கள் அதைக் காணவில்லை. அவர்கள் காணாததை நாவலும் எங்கும் சுட்டவில்லை. 1921-ல் கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்கள் படுகொலை செய்யப்பட்ட நகரம் டல்சா. அந்த நகரத்தை முன்மாதிரியாகக் கொண்ட இந்நாவலில் கறுப்பின மக்களுக்கு இடமே இல்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றிய நாவலுக்கு வெளியேயும் சிலர் நிற்கிறார்கள். டாலியின் சாவில் வீரச் சித்திரத்தை ஐயுற்ற நாவல், அச்சித்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கதைமாந்தர்மேல் கொண்ட பற்று எதையெல்லாம் பார்க்கவிடாமல் செய்யும் என்பதற்கு இந்நாவலே சான்றாகிறது.

ஆசிரியரும் வாசகரும்

2016-ல் ஜானிக்கும் டாலிக்கும் இடையிலிருந்தது காதலா என்று சமூக ஊடகத்தில் ஹின்டனிடம் கேட்கப்பட்டது. அவர் மறுத்தார். தம்மை அவ்விருவரிடம் கண்ட வாசகர்கள் சிலர் அந்தப் பதிலால் புண்பட்டார்கள், விவாதம் எழுந்தது. பிப்பிடம் கிரீசர்களைக் காணும் உரிமையை டிக்கன்ஸிடம் போனிபாய் கேட்டுப் பெறவில்லை. அதே உரிமை ஹின்டனின் வாசகர்களுக்கும் உண்டு. தன் வாசிப்பே ஒரே வாசிப்பு என்று சொல்லாதவரை அது செல்லுபடியாகும்.

மதிப்பீடு

1988-ல் பதின்பருவ இலக்கியத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் ஹின்டன். படமாக்கப்பட்ட கர்டிஸ் சகோதரர்களின் வீடு டல்சாவில் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. இந்நாவலின் இசைநாடக வடிவம் 2024-ல் சிறந்த இசைநாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது. இவையெல்லாம் வாசகர்களின் நீண்டகாலப் பற்றின் விளைவுகள்.

தி அவுட்சைடர்ஸ் பேரிலக்கியம் அல்ல. பதினாறு வயதின் மிகையும் அவசரமும் அதன் பக்கங்களில் தெரிகின்றன. ஆயினும் இளம் வாசகர் ஏன் கதைமாந்தரை நேசிக்கிறார், அந்த நேசத்தால் என்ன காண்கிறார், எதைக் காணத் தவறுகிறார் என்ற மூன்றையும் ஒரே கதையில் காட்டும் நூல்கள் குறைவு. ஒரு மாணவர் தனக்குப் பிடித்த கதைமாந்தரைப் பற்றி ஓயாமல் பேசும்போது ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்வியை இந்நாவல் தருகிறது: அந்தக் கதைமாந்தர் உனக்கு யாரை நினைவூட்டுகிறார்? ஜானி சொன்ன பதிலைப் போல, கேட்பவர் எதிர்பாராத ஒரு பெயர் வரக்கூடும்.