விற்பவர் யார்? விலக்கப்பட்ட சந்தைகள் பற்றிய பொருளியல் வாதம்: ஒரு விமர்சனம்

போதைப்பொருளையும் பாலியல் தொழிலையும் சட்டத்தடையினின்றும் விடுவித்தல் வேண்டும் என்னும் கோரிக்கை நெடுங்காலம் அறத்தின் பெயராலும் தனிமனித சுதந்திரத்தின் பெயராலும் விவாதிக்கப்பட்டு வந்தது. அவ்விவாதத்தைச் செலவு, பயன் என்னும் கணக்கிற்குள் கொண்டுவந்தோர் ஐக்கிய அமெரிக்கப் பொருளியலாளர் சிலராவர். 1972இல் மில்ரன் பிறீட்மன் ‘நியூஸ்வீக்’ சஞ்சிகையில் எழுதிய பத்தியில் அறக்கேள்வியும் பொருட்கேள்வியும் கலந்தே இருந்தன. 2006இல் கரி பெக்கர், கெவின் மேர்பி, மைக்கல் குறொஸ்மன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலோ கணக்கே மேலோங்கி நிற்கிறது. இவ்வாதம் எவ்விடத்து வலிமை பெறுகின்றது, எவ்விடத்துத் தளர்கின்றது என்பதே இங்கு ஆராயப்படுவது.

வாதத்தின் அச்சாணி கேள்வி நெகிழ்ச்சி என்னும் எண்ணக்கரு. போதைக்கு அடிமைப்பட்டவர் விலை ஏறியமைக்காகப் பெரிதும் குறைத்து வாங்குவதில்லை. ஓர் அலகின் விலை 100 ரூபாவாக இருக்கையில் 100 அலகுகள் விற்பனையாகின்றன எனக் கொள்வோம். பொலிசாரின் கெடுபிடியால் விலை 150 ரூபாவாக உயர, விற்பனை 80 அலகுகளாகக் குறைகின்றது. நுகர்வு ஐந்திலொன்று குறைந்தது உண்மையே. ஆயின், கடத்தற்காரர் பெறும் தொகை 10,000 ரூபாவிலிருந்து 12,000 ரூபாவாகக் கூடிவிடுகின்றது. கொலைக்கும் கையூட்டுக்கும் அதுவே முதல். அதே 50 ரூபாவை வரியாக விதிப்பின் நுகர்வு அதே அளவு குறையும். 4,000 ரூபா திறைசேரியைச் சேரும். சிறைச்சாலைச் செலவும் மிஞ்சும். வரிக்கு அஞ்சிச் சிலர் மறைவில் உற்பத்தி செய்தாலுங்கூட, தண்டனையினும் வரி நுகர்வைக் கூடுதலாகக் குறைக்கவல்லது என அம்மூவரும் காட்டுகின்றனர்.

தடையின் மீதான குற்றச்சாட்டு என்ற அளவில் இது மறுத்தற்கரியது. ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கை ஆராய்ந்த ஜெவ்ரி மைறனும் ஜெவ்ரி சுவீபலும் 1991இல் தந்த மதிப்பீட்டின்படி, மதுநுகர்வு தொடக்கத்தில் முன்னைய அளவின் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு வீழ்ந்து, சில ஆண்டுகளில் 60 முதல் 70 சதவீதம் வரை மீண்டது. தடையால் எவ்விதப் பயனுமில்லை என்போரும் தடை போதும் என்போரும் இவ்வெண்களை ஒருங்கே வைத்து நோக்குதல் தகும்.

ஆயின் தடை கெட்டது என நிறுவியதும், வாணிபம் நல்லது என்பதும் நிறுவப்பட்டதாக இவ்வாதம் கொள்கின்றது. இங்கேதான் நாம் அதனோடு முரண்பட வேண்டியுள்ளது. அவர்களது மாதிரியில் விற்பவன் வாய்பேசான். விலையை ஏற்றுக்கொள்வதே அவன் தொழில். உண்மை விற்பனையாளனோ விளம்பரம் செய்வான், வைத்தியரை வசப்படுத்துவான், சட்டமன்றத்தின் படியேறுவான். மிகையாக நுகரும் சிறுதொகையினரே விற்பனையின் பெரும்பங்கிற்குக் காரணராதலின், அடிமைத்தனமே அவனது இலாபத்தின் ஊற்றுமாகும்.

பேர்டியூ பார்மா நிறுவனத்தின் கதை இதற்குச் சான்று. 1996இல் அது சந்தைக்குக் கொண்டுவந்த ஒக்சிகொன்டின் முற்றிலும் சட்டபூர்வமான மருந்து. அடிமையாக்கும் அதன் ஆற்றலைக் குறைத்துக் காட்டிய விற்பனை தொடர்பான வழக்கில் 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்நிறுவனம், 2020இல் மீண்டும் குற்றவாளியாக நின்றது. மருந்துச்சீட்டுக்கள் இறுக்கப்பட்ட பின்னர் அடிமைப்பட்டோருட் பலர் ஹெரோயினுக்கும், பின் கள்ளச் சந்தையின் பென்ரனிலுக்கும் சென்றனர். 2021இல் மாத்திரம் அந்நாட்டில் மிகையளவுப் போதையால் இறந்தோர் ஒரு இலட்சத்திற்கும் அதிகம். சட்டபூர்வ வாணிபம் வாடிக்கையாளரை உருவாக்கித் தர, கள்ளச் சந்தை அவரைப் பொறுப்பேற்றது.

வரி பற்றிய நம்பிக்கையும் ஐயத்துக்குரியதே. 2018இல் கஞ்சாச் சில்லறை விற்பனை தொடங்கிய கலிபோர்ணியாவில், வரிச்சுமை காரணமாகக் கள்ளச் சந்தை மறையாது தொடர்ந்தது. சாராயத்தின் விலை ஏறுந்தோறும் கசிப்பு பெருகுவதைக் காணும் நம்மவர்க்கு இது வியப்பளிக்காது. மேலும், திறைசேரி நடுநிலையாளன் அன்று. பிரித்தானிய இலங்கையில் சாராயக் குத்தகை அரசிறையின் தூண்களுள் ஒன்றாய் இருந்தமையும், 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தை எதிர்த்து மதுவொழிப்பு இயக்கம் கிளர்ந்தமையும் வரலாறு. குடிப்பவரின் எண்ணிக்கை குறைந்தால் வரவுசெலவுத்திட்டம் தள்ளாடும் என்ற நிலையிலுள்ள அரசு, விற்பவனின் பங்காளியே.

சட்டவிலக்கை ஆதரிப்போர் அடிக்கடி காட்டும் போர்த்துக்கல்லின் உதாரணத்தையும் நிதானித்துப் பார்த்தல் வேண்டும். 2001இல் அந்நாடு குற்றமென்னும் நிலையினின்றும் நீக்கியது, தனிப்பட்ட தேவைக்காகச் சிறிதளவு வைத்திருத்தலை மட்டுமே. விற்பனை இன்றும் குற்றமே. சுவிற்சர்லாந்து வேறொரு வழியிற் சென்றது. 1994 முதல் அங்கு கடும் அடிமைகளாயினோர்க்குச் சிகிச்சை நிலையங்களில் வைத்தியரின் மேற்பார்வையில் ஹெரோயின் வழங்கப்பட்டு வருகின்றது. 2008இல் வாக்காளருள் 68 சதவீதத்தினர் அதனை அங்கீகரித்தனர். அங்கே நிரம்பல் உண்டு, விளம்பரம் இல்லை. இன்னொரு நோயாளி சேர்வதால் இலாபமடைபவரும் இல்லை. தடை, வாணிபம் என்ற இரண்டினுள் அடங்காத இவ்வேற்பாட்டுக்குப் பெக்கரின் சமன்பாட்டில் இடமில்லை.

பாலியல் தொழிலுக்கு வருமிடத்து இவ்வாதம் மேலும் தடுமாறுகின்றது. போதைப்பொருளை விற்றவரிடமிருந்து பிரித்தெடுக்கலாம். இங்கு விற்கப்படும் உழைப்பை உடலினின்றும் பிரிக்கவியலாது. லேனா எட்லுண்ட், எவலின் கோர்ன் ஆகியோர் 2002இல் முன்வைத்த கோட்பாடு, இத்தொழிலின் உயர்ந்த கூலியை, திருமண வாய்ப்பை இழத்தற்கான ஈடாக விளக்கியது. மருதத்திணையில் தலைவியையும் பரத்தையையும் எதிர்நிறுத்திப் படித்த நமக்கு இந்தப் பாகுபாடு புதிதன்று! கூலியிற் பெரும்பகுதியைத் தரகனும் பொலிசும் பறிக்குமிடத்து இக்கோட்பாடு என்ன சொல்லும் என்பதே நம் வினா.

ஆயினும் தடைநீக்கத்தின் பயனைப் புறக்கணித்தலாகாது. றோட் ஐலண்டில் 1980இல் செய்த சட்டத்திருத்தம் ஒன்று, எவரும் கருதாவண்ணம், உள்ளகப் பாலியல் தொழிலைக் குற்றமற்றதாக்கிவிட்டது. 2003இல் நீதிமன்றத்தில் இது வெளிப்பட, 2009இல் மீண்டும் குற்றமாக்கினர். இவ்விடைக்காலத்தை ஆராய்ந்த ஸ்கொட் கனிங்ஹாம், மனிஷா ஷா இருவரும், முறையிடப்பட்ட பாலியல் வல்லுறவுகள் ஏறத்தாழ 30 சதவீதமும், பெண்களிடையே கொணோரியா நோய் ஏறத்தாழ 40 சதவீதமும் குறைந்தன என்றனர். சந்தை விரிவடைந்தது என்றும் அவர்களே கூறினர். அவ்விரிவின் மறுபக்கத்தை 2013இல் வெளிவந்த வேறோர் ஆய்வு காட்டியது. சுமார் 150 நாடுகளை ஒப்பிட்ட அது, இத்தொழில் சட்டபூர்வமான நாடுகளுக்கு ஆட்கடத்தல் கூடுதலாக நிகழ்வதாகக் கண்டது. ஆட்கடத்தல் பற்றிய தரவுகள் பலவீனமானவை என்பதை அதன் ஆசிரியர்கள் மறைக்கவில்லை.

இங்கும் விடை விற்பவரின் நிலையிலேயே தங்கியுள்ளது. யேர்மனியின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் ஒப்பந்தத்துக்கும் சமூகக் காப்புறுதிக்கும் வழி திறந்தும், அவ்வாறு ஒப்பந்தம் பெற்றோர் மிகச் சிலரே; பெருவிடுதி முதலாளிகளோ தழைத்தனர். நியூசிலாந்து 2003இல் இயற்றிய சட்டம், நால்வர் வரை உரிமப்பத்திரமின்றி, எவரும் எவர்க்கும் முதலாளியாகாது, கூடித் தொழில் செய்ய இடமளித்தது. எந்நிலையிலும் மறுக்கும் உரிமையையும் எழுதிவைத்தது. 2014இல் அங்கு ஒரு பெண் தன்னைப் பாலியல்ரீதியில் துன்புறுத்திய விடுதி நடத்துநருக்கு எதிராக மனித உரிமை நியாயசபையில் வழக்காடி 25,000 டொலர் நட்டஈடு பெற்றார். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டமும் 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச்சட்டமும் ஆளும் நம் நாட்டில் இத்தகைய வழக்கொன்றைக் கற்பனை செய்வதுங் கடினம். ஆயினும் நியூசிலாந்துச் சட்டத்திலும் ஒரு விலக்கு உண்டு: தற்காலிக விசாவில் வந்தோர்க்கு இத்தொழில் அங்கும் தடையே. வாடிக்கையாளனோ முதலாளியோ கொடுமை செய்யின் முறையிட அஞ்சும் பழைய நிலையிலேயே அவர்கள் உள்ளனர்.