மூச்சை அடக்கிய மிருகம்

1954இல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' மகத்தான படம் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஓடுவதே 79 நிமிடம்தான். அதிலும் கணிசமான நேரம் அமேசானில் ஒரு படகின் மேல்தளத்தில் நின்றுகொண்டு விஞ்ஞானிகள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு காட்சிக்காக அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

கே வெள்ளை நீச்சலுடையில் நீந்துகிறாள். அவளுக்குக் கீழே, மல்லாந்தபடி, அவள் போகும் திசையிலேயே அந்தச் செவுள் மனிதனும் நீந்துகிறது. அவளுக்குத் தெரியாது. கையை நீட்டி அவள் பாதத்தை லேசாகத் தொடுகிறது, சட்டென்று இழுத்துக்கொள்கிறது. பயமுறுத்த வந்த மிருகம் கூச்சப்படுகிறது, பாருங்கள்!

இந்தக் காட்சி ஏன் இன்னும் பழசாகவில்லை? இதே மிருகம் கரையேறி நடக்கும்போது எனக்கு ரப்பர் உடைதான் தெரிகிறது. கரையில் நடித்தவர் பென் சாப்மன். தண்ணீருக்குள் நடித்தவர் ரிகோ ப்ரவுனிங். படமெடுத்தது அமேசானில் இல்லை, ஃப்ளோரிடாவின் வகுல்லா ஊற்றில். ப்ரவுனிங் முதுகில் காற்றுக் கலன் கிடையாது. நிமிடக்கணக்கில் மூச்சை அடக்கி நீந்துவார், கேமராவுக்கு வெளியே மற்ற டைவர்கள் பிடித்திருக்கும் குழாயில் காற்றை உறிஞ்சிக்கொண்டு மறுபடி உள்ளே வருவார். அதே தண்ணீரில் கதாநாயகர்கள் கலனோடு இறங்கும்போது குமிழியாகக் கொட்டுகிறது. மிருகமோ சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. யாருக்கு அது சொந்த வீடு என்று வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

'ப்ராக்டிகல் எஃபெக்ட்' என்று நாம் இணையத்தில் உருகுகிறோமே, அதில் எனக்குள்ள சிக்கல் இதுதான். ரப்பரைப் புகழ்கிறோம். ஆனால் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துவது ஓர் ஆளின் நுரையீரல். படத்தின் டைட்டிலில் ப்ரவுனிங் பெயர் இல்லை, சாப்மன் பெயரும் இல்லை. மிருகத்தை வடிவமைத்த மிலிசென்ட் பாட்ரிக் பெயரும் இல்லை. ஒப்பனைக்கு இருப்பது துறைத்தலைவர் பட் வெஸ்ட்மோரின் பெயர் மட்டும். 'மிருகத்தைப் படைத்த அழகி' என்று அவரை விளம்பரச் சுற்றுப்பயணம் அனுப்பத் திட்டமிட்டது ஸ்டூடியோ. வெஸ்ட்மோர் முறுக்கிக்கொள்ள, அது 'மிருகத்தோடு வாழும் அழகி' என்று மாறியது. படைத்தவர் குடித்தனக்காரி ஆகிவிட்டார்! திரும்பி வந்தபோது அந்தத் துறையில் அவருக்கு வேலையும் இல்லை. மல்லரி ஒமேரா 2019இல் அவரைப் பற்றி முழுப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது.

அது அந்தக் காலம் என்று விட்டுவிடலாமா? இப்போது பெயர்கள் வருகின்றன, உண்மைதான். நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன, நாம்தான் எழுந்து போய்விடுகிறோம். 2013 பிப்ரவரியில் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் பாண்டிச்சேரிப் பையனோடு படகில் இருந்த புலியை உருவாக்கிய 'ரிதம் அண்ட் ஹ்யூஸ்' நிறுவனம் அதற்கு இரண்டு வாரம் முன்புதான் திவால் மனு போட்டிருந்தது. மேடையில் பில் வெஸ்டன்ஹோஃபர் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், போதும் இறங்கு என்பதுபோல 'ஜாஸ்' படத்தின் சுறா இசையை வாசித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மைக்கை அணைத்துவிட்டார்கள்.