மதுரையில் பிறந்தவரின் இரட்டை இயற்கணிதம்: கற்பனை எண்ணைக் கற்பித்தல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் குறை எண் வருமா என்னும் வினா இயற்கணிதம் பயிலும் மாணவரை ஒருநாள் தடுத்து நிறுத்தும். இங்கிலாந்தில் உயர்நிலைத் தேர்வுக்கு மேற்கணிதம் எடுப்போரும், தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பினரும், இலங்கையில் உயர்தர இணைந்த கணிதம் பயில்வோரும் இவ்வினாவைச் சந்திக்கின்றனர். கணக்கிடும் விதிகளை அவர்கள் விரைவில் பழகிக்கொள்கின்றனர். √−1 என்பதன் பொருள் யாது என்று கேட்கும்போதுதான் தயங்குகின்றனர்.

இத்தயக்கத்தை மறைக்காமல் எழுதிய ஆசிரியர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் 1806 ஜூன் 27 அன்று மதுரையில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அலுவலர். குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோதே குடும்பம் இங்கிலாந்து சென்றுவிட்டது. ஆதலின் அவருடைய கணிதத்துக்குத் தமிழ்மண்ணை மூலமாகக் காட்ட இடமில்லை. 1828-இல், தம் இருபத்திரண்டாம் வயதுக்குள், பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் முதல் கணிதப் பேராசிரியரானார். 1865-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் முதல் தலைவரும் அவரே. கற்பனை எண் பற்றி அவர் 1831-இலும் 1849-இலும் வெளியிட்ட இரு நூல்களின் நிலைப்பாடுகளை ஒப்பிட்டு, தமிழ்வழிக் கற்பித்தலுக்கு அவை தரும் பாடத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1831: முரணை ஒப்புக்கொண்ட நூல்

‘கணிதம் பயில்வதும் அதன் இடர்ப்பாடுகளும்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்ட நூலில் டி மார்கன் குறை எண்ணையும் கற்பனை எண்ணையும் ஒருங்கே வைத்து நோக்குகிறார். தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29. தந்தையின் வயது மகனுடையதைப் போல் இருமடங்காவது எப்போது? விடை −2. இனி வரும் ஆண்டைக் கேட்டதே பிழை. ‘இரண்டு ஆண்டுகளுக்கு முன்’ என்று வினாவைத் திருத்தினால் முரண் நீங்கிவிடுகிறது. √−1 விடையாக வரும்போது அத்தகைய திருத்தமும் இயலாது. ஆகவே அக்குறியீடு பொருளற்றது, தன்னுள் முரண்பட்டது என்றே அவர் கூறிவிடுகிறார். ஆயினும் அதைக் கொண்டு இயற்கணிதத்தின் பயன்மிக்க பகுதியொன்று அமைந்திருப்பதையும் அவர் மறுக்கவில்லை.

ஒரு பாடநூல் இவ்வாறு எழுதுவது குறையன்று. இன்றைய பாடநூல்கள் பலவும் ‘√−1 என்பதை ஒரு குறியீட்டால் குறிப்போம்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. மாணவர் மனத்தில் எழும் ஐயத்துக்கு அங்கே இடமில்லை. ஐயம் தமக்கு மட்டுமே உரியது, தம் அறிவுக்குறையால் விளைந்தது என்று அவர் எண்ணிக்கொள்கிறார். டி மார்கனின் வெளிப்படையான எழுத்து அந்தத் தனிமையைப் போக்கவல்லது.

பத்தைப் பிரிக்கும் கணக்கு

பத்தை இரு கூறாக்கி, அவற்றின் பெருக்கற்பலன் 40 ஆகச் செய்க என்னும் கணக்கை 1545-இல் இத்தாலியரான கார்டானோ எடுத்துக்கொண்டார். விடை 5+√−15, 5−√−15. இவற்றைக் கூட்டினால் 10, பெருக்கினால் 40. விதிகள் பிழைபடவில்லை, ஆயினும் அத்தகைய கூறுகள் எங்கே உள்ளன?

இக்கணக்கின் மறுபக்கத்தை டெல்லிக் கல்லூரி ஆசிரியர் இராமச்சந்திரரின் முறை காட்டுகிறது. பெரும மதிப்பு, சிறும மதிப்புக் கணக்குகளை நுண்கணிதமின்றி இயற்கணிதத்தாலேயே தீர்க்கும் நூலொன்றை அவர் 1850-இல் கல்கத்தாவில் வெளியிட்டார். டி மார்கன் அதன் அருமையை உணர்ந்து 1859-இல் தம் முன்னுரையோடு இலண்டனில் மறுபதிப்பு வரச்செய்தார். பத்தின் இரு கூறுகளுடைய பெருக்கற்பலனின் பெரும மதிப்பு யாது? வேண்டும் பலனைக் கொண்டு சமன்பாட்டைத் தீர்த்தால், 25-இலிருந்து அப்பலனைக் கழித்த எண் வர்க்கமூலத்தினுள் நிற்கும். பலன் 25-ஐக் கடந்தால் மூலம் கற்பனையாகிவிடும். எனவே பெருமம் 25. இங்கே கற்பனை எண் எல்லையைக் காட்டும் காவலாக நிற்கிறது.

எல்லையைக் கடந்து சென்று மீளவும் முடியும் என்பதை 1572-இல் பொம்பெல்லி காட்டினார். ஓர் எண்ணின் முப்படி, அதன் 15 மடங்கோடு 4 சேர்ந்ததற்குச் சமம் எனின் அவ்வெண் 4 என்பதைச் சரிபார்ப்பது எளிது: 64 = 60 + 4. ஆனால் அன்றைய சூத்திரம் √−121 வழியாகவே செல்கிறது. 2+√−1 என்பதன் முப்படி 2+√−121 ஆகும் என்று கண்டு, அதனோடு 2−√−1 என்னும் இணையைக் கூட்டி, அவர் 4 என்னும் விடையை அடைந்தார். மெய்யெண்ணாகிய விடைக்கே கற்பனை வழி தேவைப்பட்டது என்பதை வகுப்பில் ஒருமுறை செய்து காட்டினால், ‘இது எதற்கு?’ என்னும் வினாவுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

1849: பொருள் கிடைத்தது

‘முக்கோணவியலும் இரட்டை இயற்கணிதமும்’ என்னும் பிற்கால நூலில் டி மார்கனின் நிலை மாறிவிடுகிறது. எண்ணை அளவாக மட்டும் கொள்ளாமல், நீளமும் திசையும் உடைய கோடாகக் கொள்கிறார். ஆதலின் ‘இரட்டை’ என்னும் பெயர். −1-ஆல் பெருக்குதல் அரைச் சுற்று. இருமுறை செய்தால் அரைச் சுற்றாவது எது? கால் சுற்று. அதுவே √−1. கால், அரை என்னும் பின்னப் பெயர்களைக் குழந்தைப் பருவத்திலேயே அறிந்த தமிழ் மாணவருக்கு இரண்டு கால் ஓர் அரை என்பதை விளக்க வேண்டியதில்லை. வரைதாளில் வலப்புறம் 3, மேலே 2 என்று ஒரு புள்ளியிட்டு அதை √−1-ஆல் பெருக்கச் சொன்னால், இடப்புறம் 2, மேலே 3 என்னும் இடத்தில் புள்ளி சென்று நிற்கும். மாணவர் திருப்பத்தைக் கண்ணாற் காண்கிறார்.

இந்நூலிலும் ஒரு குறை உண்டு. குறியீடுகளையும் அவற்றின் விதிகளையும் பொருளின்றி முதலில் பயின்று, பின்னரே பொருளைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. துண்டுகளாக வெட்டிய நிலப்படத்தைப் பின்புற வடிவை மட்டும் பார்த்துப் பொருத்துவோரையும், முன்புறம் தீட்டிய நாடுகளைப் பார்த்துப் பொருத்துவோரையும் அவர் ஓரிடத்தில் ஒப்பிடுகிறார். தருக்கத்துக்கு இம்முறை உகந்தது. பதினாறு வயதினருக்கு உகந்ததன்று. பொருளறியாது விதியை நீட்டுவோர் √−4-ஐயும் √−9-ஐயும் பெருக்கி, உள்ளிருக்கும் எண்களைச் சேர்த்து, √36, அதாவது 6 என்று எழுதிவிடுவர். இரு கால் சுற்றுகள் சேர்ந்து எதிர்த்திசைக்குத் திரும்பும் என்று அறிந்தவர் −6 என்றே எழுதுவர். முதலில் தேவை, அடுத்துத் திருப்பம், பின்பு விதி என்னும் வரிசையே கற்பித்தலுக்கு ஏற்றது.

தமிழ்க் கலைச்சொற்கள்

தேகார்த்து 1637-இல் வழங்கிய ‘கற்பனை’ என்னும் அடைமொழியைத் தமிழும் ஏற்றுக்கொண்டது. ‘மெய்யெண்’ என்பதன் அருகே அது நிற்கும்போது ‘பொய்’ என்னும் எதிர்ச்சொல் மாணவர் நினைவுக்கு வந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்த எண்ணைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘கலப்பு எண்’ என்றும், இலங்கை வழக்கு ‘சிக்கலெண்’ என்றும் கூறும். தமிழ்நாட்டுக் கீழ்வகுப்பிலேயே ‘கலப்பு பின்னம்’ படித்த மாணவர் கலப்பு எண்ணிலும் இரு பகுதிகளும் ஒரே கோட்டில் கூடி ஒரே அளவாகும் என மயங்கலாம். ‘சிக்கல்’ என்பதோ பாடம் தொடங்குமுன்பே அச்சுறுத்துகிறது. இரு நாட்டு மரபினரும் சேர்ந்து வாழும் இலண்டனில் பெற்றோர் பிள்ளைக்குத் துணைசெய்ய முனைந்தால், ஒரே பொருளுக்கு இரு பெயர்கள் குறுக்கிடுகின்றன.

டி மார்கன் முரண் என்று எழுதிய அதே 1831-இல் ஜெர்மனியில் காவுஸ் இப்பெயர்களே இருளுக்குக் காரணம் என்றார். நேர் அலகு, எதிர் அலகு, பக்க அலகு என்று பெயரிட்டிருந்தால் மயக்கம் தோன்றியிராது என்பது அவர் கருத்து. ‘பக்க அலகு’ என்னும் தொடர் தமிழில் இயல்பாகவே பொருந்துகிறது.

உயிர்மெய் வரிசையும் உவமையாகக் கைகொடுக்கும். 18 மெய்யும் 12 உயிரும் நிரல் நிரையாக நின்று 216 எழுத்துகளைத் தருவதுபோல, ஓர் இரட்டை எண்ணின் இடத்தை இரு கூறுகள் உறுதிசெய்கின்றன. ‘மெய்’ என்பதற்கு உடல் என்னும் பொருளும் உண்டு என்பதை இங்கே நினைவூட்டலாம். ஆயினும் எழுத்தும் எழுத்தும் பெருகி வேறெழுத்தாவதில்லை. இடத்தைக் காட்டுவதோடு அவ்வுவமை நின்றுவிடும். திருப்பத்துக்குக் கால் சுற்றே வேண்டும்.

முடிவுரை

வழக்கில் ஊன்றிய பாடநூற் சொற்களைத் தேர்வு எழுதும் மாணவர் கைவிட இயலாது. ஆசிரியர் செய்யத்தக்கது, சொல்லை அறிமுகப்படுத்தும்போதே அதன் வரலாற்றையும் வரம்பையும் கூறிவிடுவது. கற்பனை என்பது ஒருகாலத்து அறிஞர் தம் ஐயத்துக்கு இட்ட பெயர். எண்ணின் இயல்பைக் குறிக்கும் பெயரன்று. பதினெட்டு ஆண்டுகளில் டி மார்கன் முரணிலிருந்து பொருளுக்கு வந்து சேர்ந்தார். ஒரே பாடவேளையில் அவ்வழியைக் கடக்குமாறு மாணவரைப் பணிக்கும் நாம், வழியில் அவர் நின்ற இடங்களையேனும் காட்டிச் செல்லல் வேண்டும்.